ஸ்டீரிங்குக்குத் தோல் போட்ட கதை

இந்த வாரம் சின்ன வெங்காயத்துக்குப் பட்டறை போடறதைப் பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் பொறுக்கும். அதுக்கு முன்னாடி வேற ஒண்ணைச் சொல்லிடறேன். ஒரு ஸ்போர்ட்ஸ் காரோட ஸ்டீரிங்குக்கு எங்க ஊர்ல வெச்சுப் புதுத் தோல் போட்டாங்க. மூணு நாள் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். பாத்ததை அப்படியே எழுதறேன்.

சோளக்காட்டு ஊருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம்னு சிலர் நினைப்பீங்க. கோயமுத்தூர்ப் பக்கத்து ஆளுங்க அப்படி நினைக்க மாட்டாங்க. மாருதி 800 எஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதின்னு பந்தயக் காரை உருவாக்கின கரிவரதன் இந்த ஊர்க்காரர். அவர் பேர்லதான் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. 2005ல ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோயமுத்தூர்தான். காத்து இந்தப் பக்கம் அடிச்சா பந்தய நாள்ல அந்தச் சத்தம் எங்க தோட்டம் வரைக்கும் கேக்கும். மாடு முதல்ல மிரண்டுச்சு, இப்பப் பழகிடுச்சு.

இப்படிப்பட்ட ஊர்ல பழைய கார்களைப் புதுசு பண்றதுக்குன்னே ஒர்க்‌ஷாப்புங்க இருக்கு. அதுல ஒண்ணுலதான் என் தங்கச்சி பையன் வேலை பாக்கறான். ஒருநாள் வீட்டுக்கு வந்தவன் செல்போன்ல ஒரு படத்தைக் காட்டினான். போர்ஷே பாக்ஸ்டர்னு ரெண்டு பேர் மட்டும் உக்கார்ற, மேல் கூரையைத் திறந்துக்கற காராம். இருபது வருஷத்துக்கு மேல ஆன வண்டி. பாடி, எஞ்சின் எல்லாம் சரி பண்ணியாச்சு. ஸ்டீரிங் தோல் மட்டும் பாக்கி. இருபது வருஷம் கைவேர்வையும் வெயிலும் பட்டா எந்தத் தோலும் போகத்தான் செய்யும். மேல் பக்கம் வழவழன்னு பிசுபிசுத்து, கட்டைவிரல் படற இடத்துல உரிஞ்சு கிடந்துச்சு.

"பெங்களூருக்கு அனுப்பினா மூணு வாரம் ஆகும் மாமா. தோல் நாம குடுத்து, வேலைக்கு மட்டும் பதினாலாயிரம் கேக்கறாங்க"ன்னான்.

படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். வளையத்தோட உள்பக்கம் தோலோட ரெண்டு விளிம்பும் ஒண்ணோட ஒண்ணு முட்டி நிக்குது. அதைக் குறுக்கும் மறுக்குமா நூல் இழுத்துப் பிடிச்சிருக்கு. இந்தத் தையலை நான் எங்கயோ பாத்திருக்கேனேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். எங்க அப்பாவோட சாட்டைப் பிடி. அதுல இருந்தது இதே தையல்தான்.

அந்தச் சாட்டைப் பிடியைத் தெச்சவர் இன்னும் இருக்கார். வயசு 68. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல வேப்பமரத்தடியில சாக்கு விரிச்சு, செருப்பு, ஸ்கூல் பை, ஹேண்ட்பேக் ஜிப்புன்னு தெச்சுட்டு இருக்கார். நான் அவரை அண்ணான்னு கூப்பிடுவேன். அவர் என்னைப் பண்ணாடின்னு கூப்பிடுவார். எனக்கு இருக்கறது மூணு ஏக்கர். அதுக்கு இந்தப் பட்டம் வேண்டாம்ணான்னு சொல்லிப் பாத்துட்டேன். "வாய் பழகிப் போச்சுங்க"ங்கறார். அந்த வாயைப் பழக்கினது யாருன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

அவங்கப்பா எங்க ஊர் கவலைக்கெல்லாம் தோல் வேலை செஞ்சவர். கவலைன்னா இப்ப சிட்டியில யாருக்கும் தெரியாது, மனக்கவலைதான் தெரியும். கரண்ட் மோட்டார் வர்றதுக்கு முன்னாடி கிணத்துல இருந்து எருதை வெச்சுத் தண்ணி இறைக்கற ஏற்பாடு அது. மேல தண்ணி மொள்ற பறி, அதுக்குக் கீழ யானைத் தும்பிக்கை மாதிரி நீளமா ஒரு தோல் குழாய். எருது சரிவுல இறங்கினா பறி மேல வரும், தும்பி வழியா தண்ணி வாய்க்கால்ல கொட்டும். அந்தத் தோல் காயக்கூடாது, ஒழுகக்கூடாது, கல்லுல உரசினாலும் கிழியக்கூடாது. நான் சின்னப் பையனா இருந்தப்ப கடைசியா ஓடின ஒண்ணு ரெண்டு கவலையைப் பாத்திருக்கேன். தும்பி பிஞ்சா பயிருக்குத் தண்ணி இல்ல. அதனால ராத்திரியிலகூட ஆள் அனுப்புவாங்க. தெச்சுக் குடுக்கறவங்களுக்கு வருஷத்துக்கு இத்தனை வள்ளம் கம்புன்னு கணக்கு. ஒரு தையலுக்கு என்ன விலைன்னு யாரும் போட்டதே இல்ல. இதை ஞாபகத்துல வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

பையன் அடுத்த ஞாயித்துக்கிழமை ஸ்டீரிங்கைக் கழட்டி, துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தான். இங்க ஒண்ணு சொல்லிடறேன், ஏர்பேக் வெச்ச ஸ்டீரிங்கை யாரும் வீட்ல கழட்டிப் பாக்காதீங்க. பேட்டரி ஒயரை எடுத்துட்டு, உள்ள தங்கியிருக்கற கரண்ட் அடங்கற வரைக்கும் காத்திருந்து, அதுக்கப்புறம்தான் அந்தப் பையைத் தொடணும். தெரிஞ்சவங்க செய்ய வேண்டிய வேலை.

வேப்பமரத்தடியில அந்த வளையத்தை அவர் கையில குடுத்தோம். உடனே வேலையில இறங்கலை. முதல்ல ரெண்டு கையிலயும் பிடிச்சு ஓட்டற மாதிரி திருப்பிப் பாத்தார். விரல் எங்க படுது, உள்ளங்கை எங்க அழுத்துதுன்னு தடவினார். அப்புறம் என் மருமகனைப் பாத்துக் கேட்டார்.

"இந்த வண்டி எவ்வளவு வேகம் போகுங்க?"

"இருநூறுக்கு மேல போகுங்க ஐயா."

"பறி பிஞ்சா தண்ணிதான் போகும். இது திருப்பும்போது வழுக்கினா ஆளே போயிருமே."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "தோல் என்ன வெச்சிருக்கீங்க, காட்டுங்க"ன்னார்.

பையன் ராணிப்பேட்டைப் பக்கம் இருந்து வரவழைச்ச கறுப்பு மாட்டுத்தோல் ஒரு பக்கம் வெச்சிருந்தான். ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும் கனம். அவர் ஓரத்துல ஒரு நறுக்கு வெட்டி, வெட்டுவாயைப் பாத்தார். கறுப்புச் சாயத்துக்குக் கீழ உள்சதை சாம்பலும் நீலமுமா இருந்துச்சு. "மருந்துத் தோலு"ன்னார். குரோமியம் உப்புல பதப்படுத்தின தோலைத்தான் அப்படிச் சொல்றார். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தினதா இருந்தா வெட்டுவாய் பழுப்பா இருக்கும்.

ஆவாரம்பட்டைத் தோல் நம்ம நாட்டுச் சொத்து. ஈஸ்ட் இந்தியா லெதர்னு பேர் வெச்சுக் கப்பல் ஏத்தினாங்க, அதுக்குப் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கோம். எங்க மேட்டுக்காட்டு ஓரத்துல மஞ்சளாப் பூத்துக் கிடக்கற அதே ஆவாரைதான். எனக்கு அந்தத் தோல் மேல ஒரு பாசம். "அதுலயே போட்டா என்னங்ண்ணா?"ன்னு கேட்டேன்.

அவர் ஒண்ணும் சொல்லலை. பெட்டிக்குள்ள இருந்து பழைய செருப்பு வாரோட துண்டு ஒண்ணை எடுத்தார். அது பட்டைத் தோல். மருந்துத் தோல்லயும் அதே அளவு ஒரு துண்டு வெட்டினார். எதிர்த்த டீக்கடையில கொதிக்கற தண்ணி ஒரு டம்ளர் வாங்கிட்டு வரச் சொல்லி ரெண்டையும் உள்ள போட்டார். பட்டைத் தோல் கண்ணு முன்னாடியே சுருண்டு விறைச்சுப் போச்சு. மருந்துத் தோல் கொஞ்சம் நனைஞ்சுது, அவ்வளவுதான்.

"கூரை இல்லாத வண்டி. சித்திரை வெயில்ல நிறுத்துவாங்க. நம்ம தோல் இதுக்கு ஆவாதுங்க பண்ணாடி. தண்ணிக்குச் செருப்புக்கு அது. வெயிலுக்கு இது."

பாசம் வேற, வேலை வேற. ஆனா விவசாயியா ஒண்ணு சொல்லாம நகர முடியலை. இந்த மருந்துத் தோலுக்குப் பாலாத்தங்கரை விவசாயிங்க குடுத்த விலை பெருசு. வேலூர் மாவட்டத்துத் தோல் பட்டறைக் கழிவால கிணறும் நிலமும் கெட்டதைப் பத்தி 1996ல உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கு. நல்ல காரியத்துக்குப் பொருத்தமான பொருளா இருந்தாலும் அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்.

அடுத்து அந்தத் தோலைக் கயித்துக் கட்டில்ல விரிச்சார். இந்த இடத்துல எனக்கும் வேலை கிடைச்சுது. மாடு வளத்தவனுக்குத் தோலைப் படிக்கத் தெரியும். முள்கம்பி கீறின கோடு, உண்ணி கடிச்ச புள்ளி, சூடு போட்ட தழும்பு, தார்க்குச்சி குத்தின இடம், எல்லாம் சாயத்துக்கு அடியிலயும் தெரியும். பெரிய கார் கம்பெனிங்க குளிர் நாட்டு மாட்டுத் தோலைத் தேடறதுக்கு இதுவும் ஒரு காரணம். அங்க உண்ணி குறைவு. நான் தழும்பைக் காட்டக் காட்ட அவர் சாக்கட்டியில வட்டம் போட்டு ஒதுக்கினார். வயித்துப் பக்கம் மொத்தமா வேண்டாம்னுட்டார். வயித்துத் தோல் இழுத்தா இழுத்த இடத்துலயே தொங்கும், திரும்பாது. முதுகுத் தோல்தான் நிக்கும். நாலு துண்டு வேணும். நாலையும் ஒரே திசையில வெட்டணும், இல்லாட்டி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இழுபடும்.

அளவு எடுக்கறதுலதான் சூட்சுமம். பழைய தோலைப் பிரிச்சு அதையே அச்சா வெச்சு வெட்டிடலாம்னு பையன் சொன்னான். "பழசு இருபது வருஷம் தொங்கினது. அந்த அளவுல வெட்டினா புதுசும் முதல் நாளே தொங்கும்"ன்னார். வெறும் வளையத்து மேல பிளாஸ்டிக் தாளைச் சுத்தி, அதுக்கு மேல பெயிண்ட் அடிக்கறவங்க ஒட்டற பேப்பர் டேப்பை வரிசையா ஒட்டி, உள்பக்கம் கோடு போட்டு வெட்டி எடுத்தார். கழட்டினா வளையத்தோட சட்டை மாதிரி வந்துச்சு. அதை அட்டையில படிய வெச்சு, ரெண்டு ஓரமும் கொஞ்சம் உள்ள தள்ளி வெட்டினார். அப்பதான் தோல் வலிஞ்சு வந்து முட்டும். வலியாம முட்டினா அது பை. வலிஞ்சு முட்டினாத்தான் பிடிங்கறார்.

முதல் நாள் அதோட முடிஞ்சுது.

ரெண்டாம் நாள் ராம்பியை எடுத்தார். ராம்பின்னா தோல் சீவற உளி. நாலு துண்டோட ஓரத்தையும் காகிதம் மாதிரி மெல்லிசாச் சீவணும். ஓரம் கனமா இருந்தா கைக்கு மேடு தட்டும், அந்த மேட்டுலதான் முதல்ல தேயும். ஒரு கண்ணுல கண்புரை ஆபரேஷன் பண்ணினவர். ஆனா சீவும்போது கண்ணே பாக்கலை, கட்டைவிரல்தான் பாத்துச்சு. ஒரு இழுப்பு இழுப்பார், விரலால தடவுவார், அடுத்த இழுப்பு.

ஓட்டை ஒரே இடைவெளியில விழறதுக்கு என்ன பண்ணினார் தெரியுமா? வீட்ல இருந்து ஒரு முள்கரண்டி கொண்டு வந்தார். பேத்தி ஏதோ கல்யாணத்துல சாப்பிட்டுக் கொண்டு வந்ததாம். அதைத் தோல்ல லேசா அழுத்தினா நாலு புள்ளி. கடைசிப் புள்ளியில முதல் பல்லை வெச்சு மறுபடி அழுத்தினா இன்னும் மூணு. அப்படியே போகணும். அப்புறம் அந்தப் புள்ளியில குத்தூசி. ஒரு ஓரத்துல எத்தனை ஓட்டையோ மறு ஓரத்துலயும் அத்தனை இருக்கணும். ஒண்ணு கூடினாலும் தையல் கோணும். ஒரு துண்டுல 51ம் 52மா வந்துச்சு. எங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு பையன் சொன்னான். அவர் அந்தத் துண்டைத் தனியா வெச்சுட்டுப் புதுசா வெட்டினார்.

நான் உக்காந்த இடத்துல கணக்குப் போட்டேன். வளையம் வெளி அளவு 38 சென்டிமீட்டர். பிடியோட கனத்தைக் கழிச்சா உள் அளவு 32. சுத்தளவு ஒரு மீட்டர். அஞ்சு மில்லிமீட்டருக்கு ஒரு ஓட்டைன்னா ஒரு ஓரத்துக்கு 200. ரெண்டு ஓரத்துக்கும் 400. நானூறு தடவை குத்தி, நானூறு தடவை நூலை இழுக்கணும். ஒரு இழுப்பு இளகினாலும் அந்த இடத்துல தோல் உப்பும்.

மூணாம் நாள் நாலு துண்டையும் தலைக்குத் தலை சேத்துத் தெச்சு ஒரு வளையமாக்கினார். அதை ஸ்டீரிங் மேல ஏத்தணும். வேணும்னே ஒரு விரக்கடை குறைச்சு வெச்சிருந்தார். ஈரத்துணியில சுத்தி வெச்சுத் தோலை இளக்கி, பையன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடிச்சு இழுத்தோம். கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடறதைப் பாத்திருக்கீங்களா? பட்டாவைக் காய்ச்சி, மரத்து மேல தட்டி ஏத்தி, தண்ணி ஊத்தினா சுருங்கிக் கப்புனு பிடிக்கும். இதுவும் அப்படித்தான். தீ இல்ல, தண்ணி மட்டும். துண்டுங்க சேர்ற நாலு இடமும் வளையத்துல ஏற்கெனவே இருக்கற காடியில போய் உக்காந்துச்சு. ஆரக்கால் பக்கம் மட்டும் கொஞ்சமா சொல்யூஷன் தடவினார். மத்த இடத்துல பசை கிடையாது. "பசை பிடிக்கறது பிடி இல்லீங்க. தையல் பிடிக்கறதுதான் பிடி."

மதியம் பன்னெண்டாவது படிக்கற பேத்தி வந்தா. ஊசியில நூல் கோத்துக் குடுக்கறது அவ வேலை. மெழுகு தடவின நைலான் நூல், ஒண்ணரை மீட்டர் நீளம், ரெண்டு முனையிலயும் ரெண்டு ஊசி. இந்த ஊசி இந்த ஓரத்துக்குக் கீழ போய் மேல வரும், அந்த ஊசி அந்த ஓரத்துக்குக் கீழ போய் மேல வரும். ரெண்டையும் சேத்து ஒரு இழுப்பு. விளிம்பு ரெண்டும் முட்டி மூடிக்கும். வாய் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிட்டே இருந்துச்சு. கைப்பேச்சு கேக்கறப்ப நாங்க யாரும் பேசலை.

நடுவுல டீ குடிக்கும்போது அந்தப் பொண்ணுகிட்ட, மருந்துத் தோல் ஏன் கொதிநீர்லயும் சுருங்கலைன்னு உங்க கெமிஸ்ட்ரியில வருமான்னு கேட்டேன். அவளுக்கும் அது யோசனையா இருந்திருக்கு. சென்னை அடையாறுல 1948ல இருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, அண்ணா யுனிவர்சிட்டியில லெதர் டெக்னாலஜின்னு பி.டெக். படிப்பே இருக்கும்மான்னு சொன்னேன். டம்ளரைக் கீழ வெச்சா.

"நான் நர்சிங் போறேங்க. தோல் படிச்சேன்னு சொன்னா, அதுக்கு எதுக்கு காலேஜ், தாத்தாகிட்டயே படிச்சிருக்கலாமேன்னு சிரிப்பாங்க."

யார் சிரிப்பாங்கன்னு நான் கேக்கலை. அவரும் ஒண்ணும் சொல்லலை, ஊசியை எடுத்துட்டுத் திரும்பத் தைக்க ஆரம்பிச்சுட்டார். எந்த ஊர்லயோ எவனோ அதே படிப்பைப் படிச்சுட்டு டை கட்டிட்டு கம்பெனிக்குப் போறான். அவன் எந்த வீட்ல இருந்து போறாங்கறதை வெச்சுத்தான் அதே தோலுக்கு நாத்தமோ வாசனையோ வருது.

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கடைசி முடிச்சை உள்ள தள்ளி மறைச்சார். ஈரத் துணியால துடைச்சார். பையன் அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தான். ஒரு சுருக்கம் இல்ல. தையல் முழுக்க நெல் நாத்து நட்ட மாதிரி ஒரே வரிசை. ஆரக்கால் பக்கத்துல விரலை உள்ள விட்டு இழுத்துப் பாத்தான், அசையலை.

"எவ்வளவுங்க ஐயா?"

"ஐநூறு குடுங்க."

பையன் என்னைப் பாத்தான். எனக்கு அவன் மனசு தெரியும். கெட்டவன் இல்ல. ரெண்டாயிரமாவே குடுத்துடலாம், நாலு மடங்கு குடுத்த மாதிரியும் ஆச்சு, மிச்சம் ஒர்க்‌ஷாப்புக்கும் ஆச்சுன்னு நினைச்சிருப்பான். உலகத்துல எல்லாரும் அப்படித்தான் வாங்கறாங்க. எங்க தக்காளியை மண்டியில கிலோ எட்டு ரூபாய்க்கு எடுத்துட்டு டவுன்ல நாப்பதுக்கு விக்கறவனும் கெட்டவன் இல்லதான். அவனுக்கு ரெண்டு விலையும் தெரியும். எனக்கு ஒரு விலைதான் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால நான் ஒண்ணே ஒண்ணு சொன்னேன். "மாப்ள, பெங்களூர்ல என்ன கேட்டாங்கன்னு அண்ணாகிட்டச் சொல்லிடு. அப்புறம் அவரே விலை சொல்லட்டும்."

அவன் கொஞ்சம் தயங்கினான். அப்புறம் சொன்னான். பதினாலாயிரம்.

அண்ணா முகத்துல சந்தோஷம் வரும்னு நினைச்சேன். வரலை. தலையைக் குனிஞ்சு ஊசிகளை ஒவ்வொண்ணா டப்பாவுக்குள்ள போட்டார். ராம்பியைத் துடைச்சார். நாங்க நின்னுட்டே இருந்தோம். அவர் மனசுக்குள்ள என்ன ஓடுச்சோ. அவங்கப்பா தெச்ச தும்பிக்கெல்லாம் கணக்குப் போட்டாரோ என்னவோ. பேத்திதான், "சொல்லுங்க தாத்தா"ன்னா.

"மூணு நாளு. கட்டட வேலைக்குப் போனா கொத்தனாருக்கு நாளைக்கு ஆயிரம். நான் கொத்தனாருக்குக் குறைஞ்சவன் இல்ல. அது மூவாயிரம். இன்னொரு மூவாயிரம் தப்பா வந்த துண்டை மறுபடி வெட்டினேன் பாருங்க, அந்தப் புத்திக்கு. ஆறாயிரம் குடுங்க. வேண்டாம்னா இப்பவே பிரிச்சுத் தந்துடறேன், ஒரு மணி நேரம் ஆவாது."

பையன் சிரிச்சுட்டான். பணத்தை எண்ணிக் குடுத்தான். ஆனா ஒர்க்‌ஷாப் கணக்குக்கு பில் வேணும்னான். அவர் ஆயுசுல பில் குடுத்ததே இல்ல. பேத்தி நோட்டுல இருந்து ஒரு தாளைக் கிழிச்சா. தேதி போட்டா. "ஸ்டீரிங் தோல் வேலை - 1. ரூ. 6,000." கீழ அவரை கையெழுத்துப் போடச் சொன்னா. மூணு நாள் நடுங்காத கை அந்த ஒரு கையெழுத்துல நடுங்குச்சு.

காருக்குச் சொந்தக்காரர் ஓட்டிப் பாத்துட்டு பையன்கிட்ட போன்ல சொன்னாராம், புதுசுலகூட இவ்வளவு இறுக்கமா இருந்ததில்லன்னு. அதைப் போய் நான் அண்ணாகிட்டச் சொன்னேன். "மழையில நனைய விட வேண்டாம்னு சொல்லுங்க. தேங்காய் எண்ணெய் கிண்ணெய் தடவ வேண்டாம், பிசுபிசுக்கும். ஈரத் துணியில துடைச்சா போதும். வெயில்ல நிறுத்தினா மேல ஒரு துண்டைப் போட்டு மூடட்டும்." தோல் ஸ்டீரிங் வெச்சிருக்கறவங்க இதைக் குறிச்சு வெச்சுக்கங்க. தெச்சவரே சொன்னது.

அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துல ஒர்க்‌ஷாப்புல இருந்து இன்னும் ரெண்டு வளையம் வந்துச்சு. ஒண்ணு பழைய ஃபியட். விலையை அவர்தான் சொல்றார், வேலையைப் பாத்துட்டு. ஊர்ல பேச்சு வராம இல்ல. செருப்பு தெச்சவனுக்கு ஆறாயிரமான்னு டீக்கடையில ஒருத்தர் கேட்டார். பெங்களூர்ல பதினாலாயிரம்னு சொன்னேன். அங்க அது வேறங்கன்னார். என்ன வேறன்னு கேட்டேன். டீயைக் குடிச்சுட்டு எழுந்து போயிட்டார். அவர் இன்னும் அண்ணாவைப் பேர் சொல்லி வாடா போடான்னுதான் கூப்பிடறார். அறுபத்தெட்டு வயசு ஆளை. ஒரு ஸ்டீரிங் அதையெல்லாம் மாத்திடும்னு நான் சொல்ல வரலை. என் மருமகன் ஒர்க்‌ஷாப்புப் பசங்க மட்டும் வந்தா ஐயான்னு கூப்பிட்டு, அவர் விரிச்ச சாக்குல அவர் பக்கத்துலயே உக்கார்றாங்க. டீக்கடைக்காரர் அதைப் பாக்கறார்.

போன வாரம் அண்ணா என்கிட்ட ஒரு யோசனை கேட்டார். கிணத்துக்கடவுல ஒரு பிரஸ்ல சொல்லி பில் புக் ஒண்ணு அடிக்கணும், மேல என்ன பேர் போடறதுன்னு. லெதர் ஒர்க்ஸ்னு இங்கிலீஷ்ல போட்டா கௌரவமா இருக்கும்னு பேத்தி சொல்லியிருக்கா. கார் சீட் கவர் கடை மாதிரி ஒரு பேர் வைக்கலாம்னு பையன் சொல்லியிருக்கான். அவருக்கு ரெண்டும் மனசுக்குப் பிடிக்கலை. கடைசியில அவரே முடிவு பண்ணினார். தன் பேரு, அதுக்குக் கீழ "தோல் வேலை". அவ்வளவுதான்.

நேத்து புக் வந்துடுச்சு. நூறு தாள். முதல் தாளைக் கிழிச்சது ஒரு ஸ்கூல் பைக்கு, முப்பது ரூபாய்க்கு. பை வாங்க வந்த பையன் அதை என்ன பண்றதுன்னு தெரியாம சட்டைப் பையில வெச்சுட்டுப் போனான்.